பழைய வழக்கு இருக்கிறது, வாத்தியார் வேலைக்கு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் நாற்பது வயதுக்கு மேல் பி.எட். சேருபவர்கள் இப்போது அபூர்வமில்லை. சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பியவர், ரைஸ்மில் கணக்கு வேலையை விட்டு வந்தவர், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டுத் தானும் படிக்க நினைக்கும் அம்மா என்று பல பேர். இவர்களில் சிலருக்கு இளவயதில் ஒரு போலீஸ் கேஸ் இருக்கும். அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி, விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள்.

நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை. நியமனக் கோப்புகளோடு பழகியவன் என்பதால் என்னிடம் கேட்க வந்தவர்களுக்குச் சொன்னவை இவை. பிரிவு எண்களெல்லாம் 2024 ஜூலை 1-க்கு முந்தைய பழைய சட்டங்களின்படி (இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம்) இருக்கின்றன. உங்கள் வழக்குத் தாளிலும் அந்த எண்கள்தான் இருக்கும்.

கோவில் திருவிழாவில் ஒரு கைகலப்பு. கோர்ட்டில் ‘ஆமா’ என்று சொல்லி ஃபைன் கட்டிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜெயிலுக்குப் போகவில்லை. அப்படியென்றால் எனக்குத் தண்டனை இல்லைதானே சார்?

தண்டனைதான். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். சிறைக்குப் போனால்தான் தண்டனை என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கட்டினாலும், ‘கோர்ட் கலையும் வரை காவல்’ என்று சாயங்காலம் வரை உட்கார வைத்து அனுப்பினாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவர். “சீக்கிரம் முடியட்டும், ஒப்புக்கிட்டுப் போயிருங்க” என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். இருபது வருஷம் கழித்து நீங்கள் ஆசிரியர் வேலைக்குப் போவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

பதற வேண்டாம். தண்டனை இருந்தது என்பது ஒரு விஷயம், அது வேலைக்குத் தடையா என்பது வேறு விஷயம். அதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போனது? ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் பாண்டு எழுதிக் கொடுத்தது?

புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு, எஃப்.ஐ.ஆர். பதியாமலே முடிந்திருந்தால் அது வழக்கே இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டு, பிறகு ‘மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்’ (புகாரில் சொன்னது சரியில்லை) என்று போலீஸே முடித்திருந்தால் வழக்கு இருந்தது, தண்டனை இல்லை. 107, 110 பிரிவுகளில் எழுதிக் கொடுக்கும் பாண்டு, இனிமேல் தகராறு செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி. அதுவும் குற்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் இவை ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும், போலீஸ் வெரிஃபிகேஷனில் எட்டிப் பார்க்கவும் செய்யும்.

வழக்குத் தாள் எதுவும் கையில் இல்லை. பார்த்த வக்கீலும் காலமாகிவிட்டார். என்ன செய்வது?

பி.எட். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். ‘அடிதடி கேஸ்னு நினைக்கிறேன், எந்தப் பிரிவுன்னு தெரியலை’ என்ற நிலையில் யாராலும் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

வழக்கு நடந்த குற்றவியல் நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். மனுவில் வழக்கு எண்ணும் வருடமும் கேட்பார்கள். சாதாரண வழக்கென்றால் சி.சி. என்றும், சுருக்க விசாரணை என்றால் எஸ்.டி.சி. என்றும் எண்ணுக்கு முன்னால் இருக்கும். எண் தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயரும் குற்ற எண்ணும் போதும். அதுவும் தெரியாவிட்டால் ஸ்டேஷனுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கொஞ்சம் புதிய வழக்காக இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டே தேடலாம். மிகப் பழைய வழக்குக் கட்டுகளை அழித்திருப்பார்கள். அப்போது ‘ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைத் தாளுக்கும் பின்னால் மதிப்பு உண்டு.

நகல் வந்ததும் எல்லோரும் முதல் பக்கத்தைப் படித்துக் கலங்குகிறார்கள். அதில் உங்கள் மேல் சொன்ன புகார்தான் இருக்கும். கடைசிப் பத்திக்குப் போங்கள். 248(1) அல்லது 255(1) என்று இருந்தால் விடுதலை. 248(2), 255(2) என்றால் தண்டனை. 252 என்றால் ஒப்புக்கொண்டதன் பேரில் தண்டனை. 320 என்று இருந்தால் இரு தரப்பும் சமரசமாகி வழக்கு முடிந்தது. சட்டப்படி அதற்கு விடுதலையின் பலன் உண்டு. அந்தப் பத்தியில் ‘நன்னடத்தை’ என்ற சொல் எங்காவது வருகிறதா என்றும் பாருங்கள்.

ஏன், அந்தச் சொல்லுக்கு என்ன?

புரொபேஷன் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் தடவை தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் 3-ஆம் பிரிவின்படி எச்சரித்தோ, 4-ஆம் பிரிவின்படி நன்னடத்தை பாண்டு வாங்கியோ நீதிமன்றம் விட்டுவிடலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் வேறு சட்டங்களில் வரும் தகுதியிழப்பு வராது என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது.

வழக்கே நடக்காத மாதிரி ஆகிவிடாது. குற்றம் செய்தவர் என்ற தீர்மானம் அப்படியே நிற்கும், வேலை கொடுப்பவர் உங்கள் நடத்தையைப் பார்க்கலாம். ஆனாலும் ‘தண்டனை பெற்றவர், எனவே தகுதியில்லை’ என்று ஒரே வரியில் கோப்பை மூட முடியாது. இந்தச் சட்டத்தின் கீழ் விடுவிக்கப்பட்டதே தெரியாமல் வருடக்கணக்கில் கூனிக் குறுகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எனக்கு 46 வயது. வழக்கை விடுங்கள், வயதே இடிக்காதா?

அரசுப் பள்ளி நேரடி நியமனத்துக்கு வயது உச்சவரம்பைத் தமிழ்நாடு அரசு 2023 அக்டோபரில் உயர்த்தியது: பொதுப் பிரிவினருக்கு 53, மற்றப் பிரிவினருக்கு 58. எனவே இடிக்காது. ஒவ்வொரு அறிவிக்கையிலும் வயதுப் பத்தியை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வரம்பு முன்னே பலமுறை மாறியிருக்கிறது.

படிப்புக்கு இரண்டு வழி. தொடக்கப் பள்ளிக்கு இரண்டாண்டு ஆசிரியர் பட்டயம், அதற்கு மேல் பி.எட். பட்டயச் சேர்க்கையில் வயது பார்ப்பார்கள் என்பதால் நாற்பது தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் பி.எட்.தான். பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2023-ல் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. ‘தபாலில் பி.எட். முடிச்சிடலாம்’ என்ற யோசனையும் உங்களுக்கு உதவாது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கானது. ஆக, இரண்டு வருஷம் நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் படிக்க வழி இருக்கிறது.

ஆறு முதல் எட்டு வரை எடுக்க டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் வேண்டும். அதில் தேறினால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் 2018-க்குப் பிறகு டெட் மட்டும் போதாது, நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். முதுகலைப் பட்டம் இருந்தால் மேல்நிலை வகுப்புக்கு டெட் இல்லாமலே தனித் தேர்வு எழுதலாம்.

விண்ணப்பத்தில் வழக்கைச் சொல்லணுமா? இருபது வருஷமாச்சு, யாருக்குத் தெரியப்போகுது?

தெரியும். தேர்வான பிறகு உங்கள் பெயர் எஸ்.பி. ஆபீஸ் வழியாக உங்கள் ஸ்டேஷனுக்கு வரும். தனிப்பிரிவு ஏட்டு பதிவேட்டைப் பார்ப்பார், கணினியில் பார்ப்பார், உங்கள் தெரு முனைக் கடையிலும் நின்று விசாரிப்பார். எந்தத் தெருவிலும் இருபது வருஷத்துக்கு முந்தைய தகராறை நேற்று நடந்தது போல் சொல்ல ஒருத்தர் இருப்பார்.

இந்த விஷயத்தில் 2016-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவ்தார் சிங் வழக்கில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதன் சாரம் இது. படிவத்தில் கேட்டதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் விரும்பினால் அதைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். அற்பமில்லாத வழக்கில் தண்டனை பெற்றதை மறைத்திருந்தால் தேர்வை ரத்து செய்யலாம், வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம். உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவருடைய முன்வரலாற்றை எடைபோட வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லாதது மறைத்ததாகாது.

கடைசி வரிதான் நடைமுறையில் முக்கியம். படிவத்தின் கேள்வியை நிறுத்திப் படியுங்கள். ‘வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்பது ஒரு கேள்வி. ‘எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா’ என்பது வேறு. ‘கைது செய்யப்பட்டதுண்டா’ என்பது இன்னொன்று. முடிந்துபோன வழக்கு உள்ளவர் முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதலாம், அது பொய்யில்லை. இரண்டாவதற்கு அப்படி எழுதினால் பொய். ‘ஆம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எழுதிவிட்டு, வழக்கு எண், நீதிமன்றம், பிரிவு, தீர்ப்பு தேதி, அபராதம் என்று ஒரு தனித் தாளில் விவரம் தந்து, தீர்ப்பு நகலை இணையுங்கள். ‘அறியாமல் செய்துவிட்டேன், ஐயா அவர்கள் மனமிரங்கி’ என்றெல்லாம் கட்டுரை வேண்டாம்.

என்னிடம் கேட்டால், தண்டனையால் வேலை போனவர்களைவிட, ஐந்நூறு ரூபாய் அபராதத்தை மறைத்ததால் போனவர்களின் கதைதான் வயிற்றெரிச்சல். சொல்லியிருந்தால் கிடைத்திருக்கவும் கூடும்.

சரி, எந்த வழக்கு தடை, எது தடையில்லை?

பட்டியல் போட்டுக் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுப்பவரை நம்பவும் வேண்டாம். அதிகாரிகள் பார்ப்பது முக்கியமாக ஒன்று: அது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றமா?

294(பி), 323, 506 என்று மூன்றும் சேர்ந்து வருவது நம் ஊர் ஸ்டேஷன்களில் தினசரி வழக்கம். கெட்ட வார்த்தை, கைகலப்பு, மிரட்டல். வரப்புத் தகராறு முதல் சிராவயல் மஞ்சுவிரட்டுத் தகராறு வரை இந்த மூன்றும் ஆஜர். இதில் 294-ஐப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் பவன் குமார் வழக்கில் சொன்னது தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு விதித்த அபராதம் வெறும் 20 ரூபாய், அதற்காக வேலை போயிருந்தது. அந்தப் பிரிவில் தண்டனை பெற்றாலே ஒழுக்கக்கேடு என்று ஆகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. சில்லறை அபராதங்களை அரசு வேலைக்குத் தடையாகக் கருதாதபடி நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

சாலை மறியல் வழக்கும் விபத்து வழக்கும் ஒழுக்கக்கேட்டுக்குள் சாதாரணமாக வராது. 304(ஏ) என்றால் ஓர் உயிர் போயிருக்கிறது, கேள்வி கடுமையாக இருக்கும். ஆனால் அது கவனக்குறைவு, கெட்ட எண்ணமில்லை. திருட்டு, மோசடி, பொய் ஆவணம், கஞ்சா, சாராயம் எல்லாம் கஷ்டம். சிட்பண்ட் நடத்தி 420-ல் தண்டனை வாங்கியவரிடம் ‘முயற்சி செய்யுங்கள்’ என்று நான் சொல்வதில்லை.

குழந்தைகளுக்கோ பெண்களுக்கோ எதிரான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு வகுப்பறையில் வேலையில்லை. இதில் எத்தனை வருஷம் ஆனாலும் என் பதில் மாறாது. அவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்போது 17 வயது. மஞ்சுவிரட்டில் மாடு அவிழ்ப்பதில் தகராறு, மண்டை உடைந்து கேஸ் ஆனது.

அது பெரியவர்கள் நீதிமன்றத்தில் நடந்ததா, இளைஞர் நீதிக் குழுமத்திலா என்று பாருங்கள். குழுமத்தில் முடிந்திருந்தால் கவலையை விடுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தத் தீர்மானத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது, ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. கொடுங்குற்றத்தில் 16 வயது தாண்டியவரைப் பெரியவராகக் கருதி விசாரித்திருந்தால் மட்டும் விலக்கு. இதற்கு முன்பிருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 19-ஆம் பிரிவாக இதே பாதுகாப்பு இருந்தது. வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழ் போதும்.

சிங்கப்பூரில் ஐந்து வருஷம் ஒழுங்காக இருந்தால் வழக்கு அழிந்துவிடுமாம், மச்சான் சொன்னார். இங்கேயும் அப்படி உண்டா?

மச்சான் சொன்னது அங்கே சரி. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை, 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் போன்ற சிறு வழக்குகள், ஐந்து வருஷம் வேறு குற்றமில்லாமல் இருந்தால் அங்கே காலாவதியாகிவிடும். பிரிட்டனிலும் 1974-லிருந்து அப்படியொரு சட்டம் உண்டு. இங்கே பெரியவர்களுக்கு அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. எத்தனை வருஷமானாலும் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். வருஷம் ஆனதற்கு மதிப்பில்லை என்று அர்த்தமில்லை. 22 வயதில் ஒரு வழக்கு, அதற்குப் பிறகு 24 வருஷம் ஒன்றுமில்லை என்பதை எடைபோடுகிற அதிகாரி பார்க்கத்தான் செய்வார்.

விடுதலையாகிவிட்டேன், ஆனால் தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருக்கிறது. அப்படி இருந்தால் அரசு வேலையே கிடையாது என்கிறார்களே?

அது தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கான விதி. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று காவல் துறைப் பணி விதிகளில் இருக்கிறது. எஸ்.ஐ. தேர்வில் அடிபட்ட பையன்கள் சொல்லிச் சொல்லி அது எல்லா வேலைக்கும் பொது என்று பரவிவிட்டது. ஆசிரியர் பணிக்கு அதை அப்படியே ஒட்டிப் பார்க்கத் தேவையில்லை. மோசமான குற்றச்சாட்டாக இருந்தால் மட்டும், எதனால் விடுதலையானீர்கள் என்று தீர்ப்பைப் படித்துப் பார்ப்பார்கள்.

இப்போது அப்பீல் போய்த் தண்டனையை உடைக்க முடியுமா?

மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 30 நாள்தான். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் பதினைந்து இருபது வருஷத் தாமதத்துக்குக் காரணம் சொல்வது லேசில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய வழக்கென்றால் தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்பதைத் தவிர வேறெதற்கும் அப்பீலே கிடையாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வேறு வழி இருக்கிறதா என்று வக்கீல்தான் சொல்ல முடியும். ‘ஐம்பதாயிரம் கொடுங்க, கேஸையே இல்லாமப் பண்ணிடலாம்’ என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் வருமானம் பாராமலே இலவச உதவி உண்டு.

தனியார் பள்ளியில் எப்படிப் பேச்சை எடுப்பது? நேர்காணலிலேயே சொல்லிவிடவா?

இங்கே பல பள்ளிகள் நகரத்தார் குடும்பங்களும் அறக்கட்டளைகளும் நடத்துபவை. முடிவு தாளாளர் அல்லது செயலர் கையில். நேர்காணலில் நாலு பேர் முன்னால் சொன்னால், அடுத்து வரும் தயக்கத்தை அவர்களால் மறைக்க முடியாது, உங்களுக்கும் சங்கடம். உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஆர்டர் இன்னும் வரவில்லை என்ற இடைவெளியில் செயலரைத் தனியாகப் பாருங்கள். வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தீர்ப்பு நகலைக் கையில் கொண்டுபோங்கள். 

“ஐயா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். 2001-ல எங்க ஊர் திருவிழாவில அடிதடி. 323-ல ஐந்நூறு ரூபாய் அபராதம். தீர்ப்பு இது. அதுக்கப்புறம் என்மேல எதுவும் இல்லை. வெரிஃபிகேஷன்ல வந்து நீங்க தெரிஞ்சுக்கிறதைவிட நானே சொல்றதுதான் முறை.” 

இவ்வளவுதான். யார் முதலில் கை வைத்தது, யார் தூண்டிவிட்டது என்ற கதைக்குள் போகாதீர்கள், அவர் கேட்டால் தவிர. யார் யார் எந்தப் பக்கம் என்பது ஊர்க்காரருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெரிய வேண்டாம்.

அவர் மறுத்தால், பெரும்பாலும் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில்தான் மறுப்பார். அதைத் தப்பு சொல்ல முடியாது. உதவி பெறும் பள்ளி என்றால் அவர் சம்மதித்த பிறகும் கல்வித் துறையின் நியமன ஒப்புதல் வர வேண்டும், எனவே அதே தாள்கள் அங்கேயும் போகும்.

இணையத்தில் என் பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பு வருகிறது. எடுக்கச் சொல்ல முடியுமா?

விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி மதுரைக் கிளை 2024-ல் உத்தரவிட்டது. அதே வருஷம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. விடுதலையானவருக்கே அந்த நிலை. தண்டனை பெற்றவர் இதில் பணத்தைப் போட வேண்டாம்.

தற்காலிக வேலை, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கும் வேலை. இவற்றுக்கும் போலீஸ் விசாரணை வருமா?

வரலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், குழந்தைகளோடு பழகும் எல்லா நிறுவனங்களும் ஊழியர்களைப் பற்றிக் காவல்துறை மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்கின்றன. ஆசிரியர், ஆயா, வேன் டிரைவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் அதில் இல்லை, விளையாட்டுப் பயிற்சிக் கூடங்களும் அடக்கம். பெற்றோர் என்ற முறையில் யோசித்தால் உங்களுக்கே இது நியாயமாகப் படும்.

ஒரு யோசனை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் நீங்களே உங்களுக்கு வெரிஃபிகேஷன் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்களைப் பற்றி அவர்கள் பதிவில் என்ன இருக்கிறது என்பது படிவம் நிரப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். முடிந்த வழக்கை ‘நிலுவை’ என்று காட்டினால், தீர்ப்பு நகலைக் கொடுத்து அப்போதே திருத்தச் சொல்லுங்கள். ஆர்டர் வந்த பிறகு அதற்கு அலைய நேரம் இருக்காது.